கொழுந்துக்குள் என்ன இருக்கிறது, டீச்சர்?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் "கலம் பற்றிக் கேட்க நினைப்பவர்கள் எழுதுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்தவற்றை மேசையில் பரப்பியபோது மலைத்துப்போனேன். பரீட்சைக் கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். வீட்டிலிருந்தும் மலையிலிருந்தும் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரிலிருந்தும் வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இந்தியப் புத்தகங்களில் 'செல்', 'உயிரணு' என்று வருவதும் நம் பாடநூலில் 'கலம்' என்று வருவதும் ஒன்றுதான். இதைப் பலர் கேட்டிருந்தார்கள்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் ஒரே ஒரு நுணுக்குக்காட்டி (மைக்ரோஸ்கோப்). உடைந்துவிடும் என்று அதை அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். கலத்தின் படத்தை வரைந்து, பாகங்களைக் குறித்து, பாடமாக்கி எழுதுகிறோம். உண்மையில் அது எப்படி இருக்கும், டீச்சர்?
— தரம் 10 மாணவி, பொகவந்தலாவை

பதில்: மகள், உங்கள் கடிதம் என்னை நாற்பது வருடம் பின்னால் கொண்டுபோய் விட்டது. நான் படித்த தோட்டப் பாடசாலையிலும் கலம் என்றால் கரும்பலகையில் போட்ட ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. உண்மையான கலத்தை நான் பார்த்தது இருபத்திரண்டு வயதில், ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில்.

பெரிய வெங்காயத்தின் ஒரு மடலை உடைத்தால் உட்பக்கத்தில் கண்ணாடித் தாள் போல ஒரு தோல் உரியும். அதில் நகமளவு வெட்டி, வழுக்கி என்ற கண்ணாடித் துண்டில் ஒரு துளித் தண்ணீரில் விரித்து, அயடீன் ஒரு துளி விட்டு மூடினேன். குனிந்து பார்த்தால் மங்கலான மஞ்சள் மட்டும்தான். சிறிய திருகை மெல்லத் திருப்பத் திருப்ப, செங்கல் அடுக்கிய சுவர் போல வரிசை வரிசையாக நீண்ட அறைகள் எழும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் ஓரமாக ஒதுங்கி, சுவரோடு ஒட்டினாற்போல ஒரு மஞ்சள் பொட்டு. அதுதான் கரு, கலத்தை நடத்தும் பாகம். இன்னும் ஒரு மயிரிழை திருப்பினேன். கரு மறைந்து, அதே அறையின் அடிச்சுவர் தெரிந்தது. கலத்துக்கு ஆழம் உண்டு என்று அப்போதுதான் உறைத்தது. தாளில் வரைந்து வரைந்து, அதைத் தட்டையான ஒன்றாகவே அதுவரை நினைத்திருந்தேன்.

1665இல் ரொபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் போத்தல் தக்கையைச் சீவிப் பார்த்து, சின்னஞ்சிறு அறைகள் என்ற பொருளில் 'செல்' என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தவை உயிர் போன வெற்றுச் சுவர்கள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தோட்டத் தொழிலாளர் லயத்தின் ஒற்றை அறையான காம்பராவில் பிறந்து வளர்ந்த எனக்கு, பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு குடும்பத்தின் அடுப்பும் படுக்கையும் சாமிப் படமும் புத்தகப் பையும் எப்படி அடங்கும் என்று தெரியும். அந்த நெருக்கத்தை நினைத்துக்கொண்டு கலத்தைப் படியுங்கள். படத்தில் பாகங்கள் எட்ட எட்ட மிதக்கும். உள்ளே அப்படிக் காலி இடம் கிடையாது.

இன்னொன்று. பாடநூலில் இருக்கிற 'பொதுவான தாவரக் கலம்' எந்தச் செடியிலும் இல்லை. எல்லாப் பாகமும் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரே படத்தில் சேர்த்திருக்கிறார்கள். நான் பார்த்த வெங்காயத் தோலில், வெளிச்சத்தைக் கொண்டு உணவு செய்யும் பச்சையவுருமணி இல்லை. வெளிச்சம் படாத மடலுக்கு அது எதற்கு? நம் முள்ளந்தண்டின் அடியிலிருந்து கால் விரல் வரை ஓடும் நரம்புக் கலமும் கலம்தான். அதை வட்டமாக வரைய முடியாது.

நுணுக்குக்காட்டி இல்லாமலே பார்க்கக்கூடிய கலங்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. சேவல் இல்லாத பண்ணை முட்டையின் மஞ்சட் கரு முழுவதும் ஒரே ஒரு கலம். வெள்ளையும் ஓடும் அதில் சேராது. வெள்ளிக்கிழமை விளக்குக்குத் திரி உருட்டுகிறீர்களே, அந்தப் பருத்திப் பஞ்சின் இழை ஒவ்வொன்றும் ஒரே கலம், பருத்தி விதையின் தோலில் இருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நீண்டு வளர்ந்த கலம். வெங்காயத் தோலைப் பார்க்கவும் ஒரு வழி சொல்கிறேன். கெட்டுப்போன லேசர் விளையாட்டு விளக்கில் பற்றரியைக் கழற்றிவிட்டு, முனையிலுள்ள சின்ன வில்லையை எடுத்து, அண்ணன் கைபேசியின் கமெராவுக்கு மேல் ஒட்டிப் பாருங்கள். அறைகள் தெரியும். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போய் உங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டி, அலுமாரியைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். பூட்டி வைத்த நுணுக்குக்காட்டியில் பூஞ்சணம் பிடித்து வில்லை மங்கிப்போகும். பிள்ளைகள் தொட்டு ஒன்று உடைந்தாலும் எனக்கு அது பெரிய நட்டமாகத் தெரியாது.

கேள்வி: என் கணவர் ஸ்டோரில் ரோலர் வேலை. செடியில் இருக்கும்வரை பச்சையாக இருக்கிற தேயிலைக் கொழுந்து, அரைத்துப் பரப்பிய பிறகு ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் செம்பு நிறமாகி மணக்கத் தொடங்குகிறது. எதையுமே சேர்ப்பதில்லையாம். அப்படியானால் நிறம் எங்கிருந்து வருகிறது? 'புளிக்க வைப்பது' என்கிறார்களே, தோசை மா மாதிரி அதிலும் நுண்ணுயிர் இருக்கிறதா?
— வாசகி, டிக்கோயா

பதில்: தங்கச்சி, என் அப்பாவும் ரோலர் அறையில்தான் இருந்தார். இரவு வேலை முடிந்து விடியக்காலையில் வந்து கம்பளியை இழுத்து மூடிக்கொள்ளும்போது காம்பரா முழுக்க அந்த வாசம் வரும். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லப் போகிறேன்.

முதலில், நுண்ணுயிர் இல்லை. தோசை மாவில் நடப்பது வேறு. 'புளிக்க வைப்பது' என்ற பெயர் பழைய காலத்தில் வைத்தது, இன்றுவரை ஸ்டோரில் புழங்குகிறது. இங்கே வேலை செய்வது கொழுந்துக்குச் சொந்தமான சரக்குதான். அது செடியில் இருக்கும்போதே உள்ளே இருந்தது.

இலைக் கலத்தைத் திறந்து பார்த்தால் மிகப் பெரிய இடத்தைப் பிடித்திருப்பது ஒரு நீர்ப்பை. பாடநூல் அதைப் புன்வெற்றிடம் என்கிறது. அங்கே வெற்றிடம் எதுவுமில்லை என்று நான் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்லுவேன். சீனி, உப்பு, அமிலம், அப்புறம் நம் கதைக்கு முக்கியமான கற்றெக்கின்கள் எல்லாம் கரைந்து கிடப்பது அங்கேதான். பச்சைக் கொழுந்தை மென்றால் நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு அந்தக் கற்றெக்கின்தான். தேயிலைக் கொழுந்தில் இந்தக் குடும்பத்துப் பொருட்கள் மிக அதிகம். உலர்ந்த எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. இலை முற்ற முற்ற அது குறைந்துவிடும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீர்ப்பைக்கு வெளியே, அதே கலத்துக்குள், பொலிபீனொல் ஒட்சிடேசு என்ற நொதியம், அதாவது மாற்றங்களை வேகப்படுத்தும் ஒரு புரதம், இருக்கிறது. இதுவும் கற்றெக்கினும் காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓரிடத்தில் சேர்ந்தால் நிறம் மாறும். ஆனால் செடியில் சேர்வதில்லை. ஒரே காம்பராவில் மண்ணெண்ணெய்ப் போத்தலை ஒரு மூலையிலும் தீப்பெட்டியை உயரத்தில் இறப்பிலும் வைத்து அம்மாமார் பிள்ளை வளர்க்கிறார்களே, அதுபோல. நடுவில் இருக்கிற தடுப்பு ஒரு மென்சவ்வு. அதன் தடிப்பைச் சொன்னால் நம்பக் கஷ்டமாக இருக்கும். ஒரு மில்லிமீற்றரை ஒரு இலட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கைவிடவும் மெல்லியது. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நின்று பிடித்திருக்கும் அந்தச் சவ்வு, பகலும் இரவும் இரண்டு பக்கத்தையும் கலக்கவிடாமல் காக்கிறது. கலம் உயிரோடிருப்பதென்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்லுவேன்: சேரக் கூடாதவற்றைப் பிரித்து வைத்துக்கொண்டே, வேண்டியதை அளவோடு உள்ளே விட்டு, வேண்டாததை வெளியே அனுப்பிக்கொண்டிருப்பது. அதற்குச் சதா சக்தி வேண்டும்.

கொழுந்தைப் பறித்த உடனே அது செத்துவிடுவதில்லை. கூடையிலும் சாக்கிலும் அது மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். கலத்துக்குச் சக்தி தயாரிக்கும் இழைமணிகள் சீனியை எரித்துக்கொண்டிருக்கும். இறுக்கி அமுக்கிய கொழுந்துச் சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு உள்ளே எவ்வளவு சூடு என்று தெரியும். அந்தச் சூடு சுவாசத்தின் சூடு. அமுக்கினால் சூடு வெளியேற வழியில்லாமல், நசுங்கிய கலங்களும் சேர்ந்து, ஸ்டோருக்குப் போகுமுன்பே கொழுந்து சிவந்துவிடும். "அமுக்காதே, அமுக்காதே" என்று நிறுக்கும் இடத்தில் சத்தம் போடுவது இதற்குத்தான்.

ஸ்டோரின் மேல் மாடியில் கொழுந்தை வாட்டப் போடுகிறார்கள். பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேலும் காற்றை ஊதி ஈரத்தைக் குறைக்கிறார்கள். கலங்கள் தொய்கின்றன, சவ்வுகள் பலம் இழக்கின்றன. வாட்டம் பதமா என்று பார்க்க அப்பா ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டி இறுக்கி, பிறகு விரலை விரிப்பார். பதமில்லாத கொழுந்து படக்கென்று விரிந்து சிதறும். பதம் வந்தது உருண்டையாகவே இருந்து, ஓரத்தில் ஒரு இலை மட்டும் மெல்ல மெல்ல அவிழும். ஒவ்வொரு கலத்திலும் தண்ணீர் உள்ளிருந்து சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கிற அழுத்தம்தான் அந்தப் படக்கென்ற விரிவு. அதை அவர் கையாலேயே அளந்தார்.

அப்புறம் ரோலர். முறுக்கிப் பிழியும்போது சவ்வுகள் கிழிகின்றன. இத்தனை நாள் பிரிந்திருந்தவை கலக்கின்றன, ஒட்சிசன் வந்து சேர்கிறது. கற்றெக்கின்கள் இரண்டு இரண்டாகவும் கூட்டமாகவும் பிணைந்து புதுப் பொருட்களாகின்றன. தியாஃபிளேவின் என்பது தேத்தண்ணிக்குப் பொன் சிவப்பும் சுறுசுறுப்பான பிடிப்பும் கொடுக்கும். தியாரூபிஜின் என்பது அடர்ந்த சாயம். இது நிற்காமல் போனால் எல்லாம் கறுத்து, சாரமில்லாமல் போய்விடும். ஆகவே சரியான நேரத்தில் டிரையருக்குள் தள்ளுகிறார்கள். சூட்டில் நொதியம் உருக்குலைந்து வேலையை நிறுத்திவிடும். நிறமும் அந்த இடத்தில் நின்றுவிடும். பச்சைத் தேயிலைக்குச் செய்வது இதன் தலைகீழ்: அரைக்குமுன்பே ஆவியிலோ சூட்டிலோ வாட்டி நொதியத்தைச் செயலிழக்கச் செய்துவிடுவார்கள். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் பச்சைதான். வெட்டி வைத்த கத்தரிக்காயும் ஈரப்பலாக்காயும் கறுப்பதும் இதே கதை. தண்ணீரில் போட்டு வைத்தால் காற்று படாததால் கறுப்பது தாமதமாகும்.

என் அம்மாவின் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் வெடிப்புகளுக்குள் ஒரு கறுப்பு இருந்தது. எலுமிச்சங்காய்த் தோலைப் போட்டுத் தேய்ப்பார், போகாது. கொழுந்தை ஒடிக்கும்போது கசியும் சாறு தோலில் படிந்து, காற்றுப்பட்டு மாறிய கறை அது. ஸ்டோரில் அப்பா பார்த்துப் பார்த்து நிறுத்திய அதே மாற்றம், அம்மாவின் விரலில் நிறுத்த ஆளில்லாமல் நடந்து முடிந்திருந்தது.

கேள்வி: அட்டைக்கு உப்பு வைத்தால் ஏன் சுருண்டு விழுகிறது? ஒரே உப்புத்தானே நமக்குச் சாப்பாடு?
— கொழுந்து பறிக்கும் வாசகி, மஸ்கெலியா

பதில்: அக்கா, அட்டையின் ஈரத்தோல் கலங்களுக்குள்ளே தண்ணீரும் அளவான உப்பும் இருக்கின்றன. வெளியே உப்புக் கல்லை வைத்தால் அங்கே செறிவு பல மடங்கு கூடிவிடுகிறது. மென்சவ்வு தண்ணீரைச் சுலபமாக விடும், உப்பை விடாது. ஆகவே தண்ணீர் உள்ளிருந்து உப்பு இருக்கும் பக்கம் இழுபடுகிறது. இதற்குப் பிரசாரணம் என்று பெயர். நம் உடம்பை மூடியிருக்கும் மேல்தோல் செத்துக் காய்ந்த கலங்களின் அடுக்கு, தண்ணீரை எளிதில் விடாது. அட்டைக்கு அந்தக் காப்பு இல்லை. வாயில் போடும் உப்பு மிகக் குறைவு, அதையும் நம் சிறுநீரகம் கணக்குப் பார்த்து வெளியேற்றிவிடுகிறது. ஆனால் நமக்கும் அளவு உண்டு. வார்டில் ஏற்றும் சேலைன் ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பு என்று கலந்தது. அதற்குப் பதில் வெறும் தண்ணீரை நரம்பில் ஏற்றினால் செங்குருதிக் கலங்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதி வெடித்துவிடும்.

கடித்துக்கொண்டிருக்கும் அட்டைக்கு உப்பு வைக்காதீர்கள். அது வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும். மெல்லிய பக்கம்தான் வாய். அங்கே நகத்தைத் தட்டையாக வைத்துத் தள்ளினால் பிடி விட்டுவிடும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி அழுத்திப் பிடியுங்கள். குருதி உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்தியிருப்பதால் கொஞ்ச நேரம் கசியத்தான் செய்யும்.

கேள்வி: வயிற்றோட்டத்துக்கு ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-குளுக்கோசுத் தூள்) கொடுக்கிறார்கள். உப்பு சரி, அதில் குளுக்கோசு எதற்கு? தெம்புக்கா?
— பதுளை வாசகர்

பதில்: தெம்புக்கு அல்ல, தம்பி. குடற்சுவர்க் கலங்களின் சவ்வில் ஒரு வாசல் இருக்கிறது. சோடியமும் குளுக்கோசும் சோடியாக வந்தால்தான் அது உள்ளே எடுக்கும். அவை போகும் வழியே தண்ணீரும் பின்னால் போகும். வயிற்றோட்டத்தின்போதும் பெரும்பாலும் அந்த வாசல் கெடுவதில்லை. வெறும் தண்ணீர் நிற்காத பிள்ளையின் உடம்பில் ஜீவனி நிற்பது அதனால்தான். ஒரு பொட்டலத்தை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுவதாகக் கரையுங்கள். பாதி பாதியாகக் கண்ணளவில் கலந்தால் அந்த விகிதம் கெட்டுவிடும்.

கேள்வி: துகள் உறைபனி விழுந்த காலையில் உருளைக்கிழங்குத் தோட்டம் பச்சையாகத்தான் இருக்கிறது. வெயில் ஏறிய பிறகுதான் கருகுகிறது. கெடுப்பது பனியா, வெயிலா? அப்பா விடியுமுன் தண்ணீர் தெளிப்பார், அதில் அர்த்தம் இருக்கிறதா?
— விவசாயி, நுவரெலியா

பதில்: கெடுப்பது பனி. வெயில் அதை வெளியே காட்டுகிறது, சில வேளை கூட்டியும் விடுகிறது.

தை, மாசியில் மேகமில்லாத இரவுகளில் இலையின் சூடு வானத்துக்குப் போய்விட, ஐஸ் முதலில் உருவாவது கலங்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில். அந்த ஐஸ் பக்கத்துக் கலங்களிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே வளரும். மேலே அட்டைக்குச் சொன்ன உப்பின் வேலையை இங்கே ஐஸ் செய்கிறது. கலம் வற்றிச் சுருங்கி, சவ்வு பிளக்கிறது. உறைந்திருக்கும்வரை இலை விறைப்பாக, பச்சையாக நிற்கும். உருகியதும்தான் கிழிந்த சவ்வு வழியே எல்லாம் வடிந்து, இலை வேகவைத்தது போல் தொய்ந்து, பிறகு பழுப்பாகும். தேயிலைச் செடியில் பனி விழுந்தாலும் இலை கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். ரோலர் இல்லாமலே கலக்க வேண்டாதவை கலந்துவிட்டன.

அப்பா தெளிக்கும் தண்ணீருக்கு அர்த்தம் இருக்கிறது. ஓடைத் தண்ணீர் ஐஸைவிடச் சூடானது. மெல்ல உருகவிட்டால், பிளக்காமல் சுருங்கி மட்டும் நிற்கிற கலங்கள் தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும். ஏற்கனவே பிளந்ததை எந்தத் தண்ணீரும் ஒட்டாது.

கேள்வி: எனக்குக் குருதிச்சோகை என்று கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசை தந்தார்கள். தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம் என்றார்கள். காலையில் தேத்தண்ணி இல்லாமல் மலைக்குப் போக முடியுமா டீச்சர்? இரும்பு உடம்புக்குள் போய் என்ன செய்கிறது?
— 28 வயது வாசகி, ஹட்டன்

பதில்: போக வேண்டாம், தேத்தண்ணியைக் குடித்துவிட்டே போங்கள். குளிசையை மட்டும் அதிலிருந்து ஒன்றிரண்டு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். மேலே சொன்ன கற்றெக்கினும் அதன் உறவுகளும் இரும்பைப் பிடித்துக் கட்டிக்கொள்ளும். கட்டிய இரும்பைக் குடற்கலங்கள் உள்ளே எடுக்க மாட்டாது. பருப்பு, கீரையில் வரும் இரும்புக்கும் இதே கதிதான். பத்து மணிக்கு ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, கூடவே சாயம் கூடிய தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் நம் பெண்களை எவ்வளவு பாதிக்கிறது என்று நான் பல வருடம் யோசித்ததுண்டு. சாப்பாட்டோடு எலுமிச்சஞ்சாறு, கொய்யாப்பழம் போன்றவை சேர்ந்தால் இரும்பு நன்றாக உள்ளே போகும்.

உள்ளே போன இரும்பு எலும்பு மச்சைக்குப் போகிறது. அங்கேதான் செங்குருதிக் கலம் உருவாகிறது. ஒவ்வொரு நொடிக்கும் ஏறக்குறைய 20 இலட்சம் கலங்கள். நீங்கள் இந்த வரியை வாசித்து முடிப்பதற்குள் ஒரு கோடிக்கு மேல் பிறந்திருக்கும். ஒரு கலத்துக்குள் ஈமோகுளோபின் மூலக்கூறு சுமார் 27 கோடி, ஒவ்வொன்றிலும் இரும்பு அணு நான்கு. ஒட்சிசன் வந்து உட்காருவது அந்த இரும்பில்தான்.

இந்தக் கலத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வரும். வளர்ந்து முடியும்போது இது தன் கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. இழைமணிகளையும் வைத்துக்கொள்வதில்லை. அந்த இடமெல்லாம் ஈமோகுளோபினுக்கு. இழைமணி இல்லாததால், தான் சுமக்கும் ஒட்சிசனில் ஒரு துளியையும் தனக்கென்று எரிப்பதில்லை. ஒட்சிசன் இல்லாமலே குளுக்கோசை உடைத்து அதில் கிடைக்கும் கொஞ்சச் சக்தியில் காலம் தள்ளுகிறது. தன்னைவிட ஒடுங்கிய குழாய்களுக்குள்ளும் உடம்பை மடக்கி நுழைந்து போகும். கரு இல்லாததால் தன்னைப் பழுது பார்க்கவும் முடியாது. சுமார் 120 நாளில் ஆயுள் முடிந்துவிடும். அதன் இரும்பை உடம்பு வீசிவிடாமல் எடுத்து அடுத்த கலத்துக்கு வைத்துக்கொள்ளும்.

இவ்வளவு சிக்கனமாக இருந்தும் ஏன் இரும்பு குறைகிறது? மாதவிடாயில் போகிறது, பிள்ளைப் பேற்றில் போகிறது, கொக்கிப்புழு இருந்தால் அது குடலில் இருந்து உறிஞ்சுகிறது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்பவர்களுக்கு அந்தப் புழு தோல் வழியாகவே ஏறும். அடுத்த கிளினிக்கில் புழு மருந்து பற்றிக் கேளுங்கள். சோர்வு போய்விட்டது என்று குளிசையைப் பாதியில் நிறுத்த வேண்டாம். எத்தனை மாதம் என்று அவர்கள் சொல்லட்டும்.

கேள்வி: எனக்கு மூன்றும் பெண்பிள்ளைகள். "வம்சம் உன்னோடு நின்றுபோச்சு" என்று மாமி அடிக்கடி சொல்கிறார். தரம் 11 படிக்கும் மூத்தவள், "இழைமணி அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும், டீச்சரிடம் கேளுங்கள்" என்கிறாள். உண்மையா?
— வாசகி, ஹப்புத்தளை

பதில்: மகள் சொன்னது உண்மை. முதலில் மாமிக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை ஆணா பெண்ணா என்பது தாயால் முடிவாவதில்லை. பரம்பரைச் செய்தியைச் சுமக்கும் இழைகளை நிறமூர்த்தம் என்போம்; தாயின் முட்டை எப்போதும் எக்ஸ் நிறமூர்த்தத்தைத்தான் கொடுக்கும். தந்தையின் விந்தில் பாதியில் எக்ஸ், பாதியில் வை. எது முந்திப் போய்ச் சேர்ந்ததோ அது. இதில் உங்கள் பிழையும் இல்லை, உங்கள் கணவரின் பிழையும் இல்லை.

கருவில் இருக்கும் 46 நிறமூர்த்தத்தில் 23 அம்மாவுடையது, 23 அப்பாவுடையது. மகனுக்கும் மகளுக்கும் ஒரே கணக்கு. ஆனால் இழைமணி தனிக்கதை. அதற்குக் கருவோடு சேராத, தனக்கென்று ஒரு சின்ன டி.என்.ஏ. வளையம் இருக்கிறது. அதில் டி.என்.ஏ. எழுத்துகள் 16,569, பரம்பரையலகுகள் (ஜீன்கள்) 37. நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் தனியே வாழ்ந்த ஒரு பற்றீரியா இன்னொரு கலத்துக்குள் புகுந்து, அங்கேயே தங்கி இழைமணியானது என்று இன்றைய விஞ்ஞானம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1967இல் லின் மார்குலிஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி இதை விரிவாக எழுதியபோது மற்ற விஞ்ஞானிகள் எளிதில் ஏற்கவில்லை. அந்தப் பழைய பற்றீரியாவின் சொத்து மிச்சம்தான் இந்த வளையம்.

முட்டைக்குள் இழைமணிகள் இலட்சத்துக்கும் மேல் இருக்கும். விந்தில் இருப்பவை வாலை ஆட்டி நீந்தச் சக்தி கொடுக்கும் கொஞ்சம். அவையும் முட்டைக்குள் போன பிறகு அழிக்கப்பட்டுவிடுகின்றன. ஆகவே உங்கள் மூன்று பிள்ளைகளும் மூச்சு விடுவதும் ஓடுவதும் படிப்பதும் உங்களிடமிருந்து போன இழைமணிகளால். உங்களுடையது உங்கள் அம்மாவிடமிருந்து வந்தது, அவருடையது அவருடைய அம்மாவிடமிருந்து. ஆண்பிள்ளைக்கும் அது கிடைக்கும். ஆனால் அவன் தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. தாயிடமிருந்து வரும் இந்த வரிசை மேலே போக மகள் வேண்டும். உங்களிடம் மூன்று பேர் இருக்கிறார்கள்.

தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, மலை ஏறிய பெண்களில் ஒருத்தி என் அம்மாவின் அம்மாவுடைய பாட்டி, அதுவும் தாய் வழியில். எந்த ஊரிலிருந்து புறப்பட்டாள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பெயரும் தெரியாது. எந்தப் பதிவிலும் அவளை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தப் பதிலை எழுதுகிற என் விரற்கலங்களில் எரிந்துகொண்டிருப்பது அவளுடைய இழைமணி.

மூத்தவளை விட்டே இதை மாமிக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் மாமியையே எனக்கு எழுதச் சொல்லுங்கள், அடுத்த இதழில் அவருக்குத்தான் முதல் பதில்.